குளிக்கிறாங்க... கொஞ்சம் சத்தம் போடாதீங்க!

என்ன பாஸ், செமஸ்டர் முடிஞ்சு ஊருக்கு வந்தாச்சா? முதல் ரெண்டு நாள் அம்மா கையால மீன் குழம்பு. மூணாவது நாள் பழைய பசங்களோட டீக்கடை. நாலாவது நாள்... அவ்வளவுதான், கதை முடிஞ்சுது! மத்தியானம் ரெண்டு மணிக்கு ஃபேனை முறைச்சுப் பார்த்துக்கிட்டுப் படுத்திருப்பீங்க. ரீல்ஸைத் தள்ளித் தள்ளியே கட்டை விரல் தேய்ஞ்சு போயிருக்கும். 'செம போருடா மாப்ளே'ன்னு ஒரு மெசேஜ் தட்டி விட்டா, அந்தப் பக்கத்திலிருந்தும் அச்சு அசலா அதே மெசேஜ் வரும்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு ஷோ பத்திச் சொல்லப் போறேன். டிக்கெட் கிடையாது, டேட்டா கிடையாது. மொத்த பட்ஜெட் ஒரு மண் சட்டி, ரெண்டு சொம்பு தண்ணி. வீட்டுக் கொல்லைப்புறத்துல நடக்கும். கொல்லை இல்லாதவங்களுக்கு மொட்டை மாடியில நடக்கும். ஹீரோ, ஹீரோயின், காமெடியன், வில்லன் எல்லாம் உண்டு. ஒரே ஒரு கண்டிஷன், ஷோ எத்தனை மணிக்குன்னு போஸ்டர்ல போட மாட்டாங்க.

பறவைங்க குளிக்கிறதைத்தான் சொல்றேன்.

சிரிக்காதீங்க. கடைசியா ஒரு மைனா குளிக்கிறதை முழுசா எப்போ பார்த்தீங்க? 'மைனாவா... ரோட்டுல நூறு பார்த்திருக்கேனே'ன்னு சொல்லாதீங்க. குளிக்கிறதை, ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும்? பார்க்காதவங்களுக்காக ஒரு ரன்னிங் கமென்டரி.

மைனா நேரா வந்து தண்ணியில குதிக்காது. முதல்ல காம்பவுண்டு சுவர். அங்கிருந்து இடது பக்கம் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை. அப்புறம் சட்டியோட விளிம்பு. ஒரு மடக்கு தண்ணி, உடனே தலையைத் தூக்கி மறுபடி ஒரு ரவுண்டு செக்கிங். இன்டர்வியூவுக்குப் போன புதுப் பையன் ரிசப்ஷன்ல உட்கார்ந்திருக்கிற மாதிரி அப்படி ஒரு தயக்கம். பிறகு ஒரு கால், அடுத்து இன்னொரு கால். வயிறு நனையுற ஆழத்துல நின்னுக்கிட்டு தலையை முக்கும், றெக்கையை உதறும். பாருங்க, அந்த நிமிஷத்துல அதுவரைக்கும் இருந்த மரியாதை, பந்தா எல்லாம் காணாமப் போயிடும்! தண்ணி நாலாபக்கமும் தெறிக்கும். தலை மயிர் எல்லாம் குத்திட்டு நிக்கும். மூணு விநாடி ஆட்டம், சட்டுன்னு நிறுத்தி ஒரு செக்கிங், மறுபடி மூணு விநாடி ஆட்டம். கடைசியில வெளியே குதிச்சு வரும்போது, மழையில நனைஞ்சு கடைசி பஸ்ஸையும் விட்டுட்ட ஆசாமி மாதிரி ஒரு கோலம்.

அத்தோட முடியலை. பக்கத்துக் கிளைக்குப் போய் செகண்ட் ஹாஃப் ஆரம்பிக்கும். உடம்பை உதறி, ஒவ்வொரு இறகாக அலகுல பிடிச்சு இழுத்து நீவி விடும். நடு நடுவே அலகைத் திருப்பி வால் அடிப்பகுதியில வெச்சுத் தேய்க்கும். ஏதோ அரிக்குதுபோலன்னு நினைப்பீங்க. இல்லை. அங்கே ஒரு சின்ன எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. அதிலேருந்து எண்ணெயைத் தொட்டு இறகுக்குப் பூசிக்குது. நம்ம ஊர்ல எண்ணெய் தேய்ச்சுட்டுக் குளிப்போம். அவங்க குளிச்சுட்டு எண்ணெய் தேய்ச்சுக்குறாங்க. ஆர்டர்தான் வேற!

அழகுக்காக மட்டும் இந்தப் பாடு இல்லை. பறவைக்கு இறகு என்பது சட்டை, ஸ்வெட்டர், ரெயின்கோட், வண்டி எல்லாமே. தூசியும் பழைய எண்ணெயும் அப்பிக்கிட்டா வண்டி ஓடாது. இங்கிலாந்துல நியூகாசில் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதை வெச்சு ஒரு சோதனை பண்ணினாங்க. 2009-ல் அது வெளிவந்தது. ஸ்டார்லிங் என்ற பறவைகளில் சிலதுக்குக் குளிக்கத் தண்ணி கொடுத்தாங்க, சிலதுக்குக் கொடுக்கலை. அப்புறம் கயிறு கயிறாத் தொங்க விட்ட ஒரு பாதை வழியாப் பறக்க விட்டாங்க. குளிக்காத கோஷ்டிதான் கயிறுல அதிகமா மோதிச்சு. ஸ்டார்லிங் யாருன்னு கேட்டா, நம்ம மைனாவோட சொந்தக்காரர்தான், ஒரே குடும்பம். அதனால உங்க சட்டியில மைனா போடுற ஆட்டம் சும்மா ஜாலிக்கு இல்லை. அடுத்த தடவை ஒரு வில்லன் துரத்தும்போது ஒழுங்காத் திரும்பித் தப்பிக்கிறதுக்கான சர்வீஸ் அது.

வில்லன்னு சொன்னேன் இல்ல? அவரையும் பார்த்துடலாம்.

எங்க வீடு தாம்பரம் பக்கம். கொல்லையில ஒரு முருங்கை, ஒரு கொய்யா, துணி துவைக்கிற கல். அந்தக் கல்லுக்குப் பக்கத்துலதான் சட்டி. போன மே மாசம் ஒரு நாள் தவிட்டுக் குருவிக் கூட்டம் ஏழெட்டு வந்து கும்மாளம் போட்டுக்கிட்டிருந்துச்சு. திடீர்னு ஒரு அணில் 'கிச்கிச்கிச்'னு விடாமக் கத்த ஆரம்பிச்சுது. அடுத்த விநாடி மொத்தக் கூட்டமும் செம்பருத்திச் செடிக்குள்ள பாய்ஞ்சுடுச்சு. ஒண்ணு மட்டும் அப்போதான் தலையை முக்கிட்டு நிமிர்ந்துச்சு. சாம்பல் கலர்ல ஏதோ ஒண்ணு கொய்யா மரத்தைச் சுத்திக்கிட்டு வந்தது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது. வல்லூறு! புறா சைஸ்தான் இருக்கும், ஆனா கண்ணைப் பார்த்தா நமக்கே வயித்தைக் கலக்கும். நனைஞ்ச குருவி எழும்பிப் பார்த்துச்சு. றெக்கை கனம், உயரம் கிடைக்கலை. தரையோட தரையாத் தத்திப் பறந்து, துவைக்கிற கல்லுக்கு அடியில இருந்த சந்துக்குள்ள புகுந்துடுச்சு. வல்லூறு கல்லு மேலயே ஒரு நிமிஷம் உட்கார்ந்து, 'வருவேடா வெளியே'ன்னு பார்த்துட்டு, எழுந்து போயிடுச்சு.

அந்தக் குருவி வெளியே வர கால் மணி நேரம் ஆச்சு. நானும் அந்தக் கால் மணி நேரம் அசையலை.

வல்லூறு மேல கோபப்படாதீங்க. அதுக்கும் கூட்டுல குஞ்சு இருக்கும், அதுக்கும் வீட்டுச் சாப்பாடு கொண்டு போகணும். நான் சொல்ல வர்றது வேற. குளிக்கிற பறவைன்னா ஆபத்துல இருக்கிற பறவைன்னு அர்த்தம். றெக்கை நனைஞ்சா வேகம் குறையும். தலை தண்ணிக்குள்ள இருக்கும்போது கண்ணு வேலை செய்யாது. அதனாலதான் அந்த மூணு விநாடிக்கு ஒரு தடவை செக்கிங். நம்பிக்கை வந்த இடத்துலதான் அது குளிக்கும். நம்பிக்கை வராத இடத்துல ஒரு மடக்கு குடிச்சுட்டு ஓடிடும். உங்க கொல்லையில ஒரு பறவை நிதானமாக் குளிக்குதுன்னா, காலேஜ்ல உங்களுக்குக் கிடைக்காத ஒரு கேரக்டர் சர்டிஃபிகேட் கிடைச்சாச்சுன்னு வெச்சுக்கலாம்!

அதனால சட்டியை எங்கே வைக்கிறோம்கிறதுதான் மேட்டரே. செடிக்கு ஒட்டி வெச்சீங்கன்னா, உள்ளே பதுங்கி இருக்கிற தெருப் பூனைக்கு ஹோட்டல் திறந்து வெச்ச மாதிரி. நடு முற்றத்துல வெட்டவெளியில வெச்சா, வில்லன் மேலேருந்து வந்தா ஒளிய இடம் கிடையாது. ஏழெட்டு அடி தள்ளி ஒரு செடியோ மரமோ இருக்கணும். பூனை பாய்ஞ்சு வர்றதைப் பார்க்க அந்த இடைவெளி போதும். பறவை ஓடிப் போய்ப் புகுந்துக்கவும் அது எட்டுற தூரம்தான். பூனைத் தொல்லை அதிகம்னா ஒரு திட்டு மேல, இல்லேன்னா நாலு செங்கல் அடுக்கி அதுக்கு மேல வைங்க.

சட்டி எப்படி இருக்கணும்? அகலமா, ஆழம் இல்லாம. பூந்தொட்டிக்கு அடியில வைக்கிற மண் தட்டு கனகச்சிதம். தண்ணி ஓர் அங்குலம், மிஞ்சினா ரெண்டு அங்குலம். தையல்சிட்டும் வரும், காக்காவும் வரும், ரெண்டு பேருக்கும் சரிப்படணும்னா நடுவுல ஒரு தட்டைக் கல்லைப் போட்டுடுங்க. எவர்சில்வர் தட்டு வேண்டவே வேண்டாம். வழுக்கும், பளபளன்னு மின்னும், வெயில்ல கொதிக்கும். மண் சட்டின்னா தண்ணி கசிஞ்சு கசிஞ்சு குளிர்ச்சியா இருக்கும். உங்க பாட்டி வீட்டுப் பானைத் தண்ணி ரகசியம்தான். மொட்டை மாடியா? தண்ணி டேங்க் நிழல்ல வைங்க. கைப்பிடிச் சுவர்ல ஒரு காய்ஞ்ச கிளையைக் கட்டி விடுங்க. வந்து உட்கார்ந்து நோட்டம் பார்க்க அவங்களுக்கு ஒரு வெயிட்டிங் ரூம் தேவை.

அப்புறம்? காத்திருக்கணும். இதுதான் நம்ம ஜெனரேஷனுக்கு ஆகாத சப்ஜெக்ட்!

எங்க தெருவுல ஒரு தம்பி, இன்ஜினீயரிங் ரெண்டாவது வருஷம். நான் சொன்னேன்னு சட்டி வாங்கி வெச்சான். நாலாம் நாளே வாசல்ல வந்து நின்னான்.

"அண்ணே, ஒரு காக்கா கூட வரலைண்ணே. நீங்க சும்மா கதை விடறீங்க."

"தினமும் ஒரே இடத்துலயா வைக்கிறே?"

"இல்லண்ணே, முதல் நாள் கிணத்துப் பக்கம். வரலைன்னு மாடியில வெச்சேன். நேத்து வாசல் பக்கம்."

"தம்பி, மூணு நாள்ல மூணு தடவை வீடு மாத்துறவனை நம்பி யாருடா கடன் கொடுப்பா?"

போய் ஒரே இடத்துல வெச்சான். ஒன்பதாம் நாள் ராத்திரி எட்டு மணிக்கு ஓடி வந்தான். "அண்ணே, ரெண்டு வந்துச்சுண்ணே! கறுப்புத் தலை, கொண்டை, வாலுக்கு அடியில சிவப்பு! ஜோடியா வந்துச்சுண்ணே!" அரியர்ஸ் எல்லாம் கிளியர் ஆன மாதிரி ஒரு முகம். கொண்டைக்குருவி. நம்ம ஊர்ல தடுக்கி விழுந்தா தென்படுற பறவை. ஆனா அவன் அதுக்கு வாலடியில சிவப்பு இருக்குன்னு அன்னிக்குத்தான் பார்த்திருக்கான். இருபது வருஷம் அதே தெரு, அதே பறவை.

இதுலதான் இந்த ஆட்டத்தோட கிக்கே இருக்கு. காட்டுக்குப் போக வேண்டாம், பைனாகுலர் வேண்டாம். தெரிஞ்ச முகம்னு நாம தள்ளி விட்ட ஆட்களையே பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறோம். மா. கிருஷ்ணன்னு ஒருத்தர் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவோட மகன். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில 1950-ல் ஒரு பத்தி எழுத ஆரம்பிச்சு, 1996-ல் இறக்கும் வரைக்கும் எழுதினார். நாற்பத்தாறு வருஷம்! யானை, புலி மட்டும் இல்லை, காக்கா, அணில், கொல்லைப்புறக் குருவி எல்லாத்தையும் பத்தி எழுதினார். தமிழ்ல அவர் எழுதியதும் புத்தகமா வந்திருக்கு, 'மழைக்காலமும் குயிலோசையும்'னு தேடிப் பாருங்க.

சரி, சட்டிக்கு வர்ற ஆட்கள்ல எனக்குப் பிடிச்ச சிலர்.

நம்பர் ஒன், தவிட்டுக் குருவி. தனியா வரவே வராது. கேங்குதான். ஒருத்தர் காவல், மத்தவங்க குளியல். சட்டியில மூணு பேர் நிக்க இடம் இருக்கும், ஆறு பேர் இறங்குவாங்க. ஷேர் ஆட்டோ கெட்டது! குளிச்சு முடிச்சதும் ஒரே கிளையில வரிசையா ஒட்டி உட்கார்ந்து, ஒருத்தர் இறகை இன்னொருத்தர் கோதி விடுவாங்க. வெள்ளிக்கிழமை சாயந்திரம் லேடீஸ் ஹாஸ்டல் வராந்தாவுல வரிசையா உட்கார்ந்து பின்னல் போடுவாங்களே, அப்படி. இந்த வெளிர் கண்ணு, மஞ்ச அலகு தவிட்டுக் குருவி தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகத்துல வேற எங்கேயும் கிடையாதுங்கிறது கூடுதல் தகவல். ஃபாரின்காரன் ஃப்ளைட் பிடிச்சு வந்து பார்க்க வேண்டிய ஐட்டம், உங்க சட்டியில ஓசியில குளிக்குது.

புறா வந்தா அது தண்ணி குடிக்கிற ஸ்டைலைப் பாருங்க. மைனா, காக்கா எல்லாம் அலகுல தண்ணியை அள்ளி, தலையைத் தூக்கி, தொண்டைக்குள்ள சரிச்சு விடும். புறா அப்படி இல்லை. அலகை உள்ளே விட்டு, ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிக்கிற மாதிரி ஒரே உறிஞ்சு. இதை ஒரு தடவை கவனிச்சுட்டீங்கன்னா அப்புறம் பார்க்காம இருக்க முடியாது.

காமெடியன் யாருன்னு நான் சொல்லணுமா? காக்காதான். எங்கேயோ சுட்ட காய்ஞ்ச ரொட்டித் துண்டு, எலும்பு, முந்தாநாள் வடை எல்லாத்தையும் கொண்டு வந்து தண்ணியில ஊற வெச்சு, பதம் பார்த்துச் சாப்பிடும். மிச்சத்தைச் சட்டியிலயே விட்டுட்டுப் போயிடும், மெஸ்ல தட்டைக் கழுவாம வெச்சுட்டுப் போற நம்ம ரூம்மேட் மாதிரி. எங்க அம்மா அந்தத் தண்ணியைப் பார்த்துட்டு, "ஏன்டா, இது குளிக்கிற சட்டியா, குழம்புச் சட்டியா?"ன்னு கேட்டாங்க. ஆனா ஒண்ணு, நம்ம வீடுகள்ல தினமும் காக்காவுக்குச் சோறு வெச்சுட்டுத்தான் சாப்பிடுறாங்க பல பேர். பக்கத்துல ஒரு தம்ளர் தண்ணி வைக்கிறவங்க எத்தனை பேர்? மே மாச மத்தியானம் காக்கா வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. பறவைக்கு வியர்க்காது. அப்படி மூச்சு வாங்கித்தான் அது உடம்புச் சூட்டைக் குறைச்சாகணும். அதுல உடம்புத் தண்ணி குறையுது. குறைஞ்ச தண்ணியை எங்கேயாவது போய்க் குடிக்கணும் இல்லையா, ஊர்ல குளத்தை எல்லாம் மூடிட்டு நாம பஸ் ஸ்டாண்டு கட்டியாச்சு!

சட்டிக்கு இறங்காத பார்ட்டிகளும் உண்டு. தேன்சிட்டுக்குச் சட்டி ஒரு கடல். அது இலையில நிக்கிற தண்ணியில உடம்பைத் தேய்ச்சுக் குளிக்கும். செடிக்குத் தண்ணி தெளிச்சுட்டு அஞ்சு நிமிஷம் நில்லுங்க, ஈர இலையில அது சறுக்கு விளையாடுறது தெரியும். ரெட்டைவால் குருவி, அதாவது கரிச்சான், அது பெரிய ஆக்‌ஷன் ஹீரோ. பறந்து வந்து தண்ணியை ஒரு மோது மோதிட்டு நிக்காமப் போயிடும். அதுக்குச் சட்டி பத்தாது, குளம் குட்டை வேணும்.

இருட்டுற நேரத்துக்கு என்றே வர்றது குண்டுக்கரிச்சான். கறுப்பு வெள்ளை டிரஸ், நிமிர்ந்த வால். எல்லாரும் போன பிறகு தனியா வந்து, நிதானமாக் குளிச்சுட்டு, முருங்கைக் கிளையில ஏறி ரெண்டு வரி பாடிட்டுப் போகும். பங்களாதேஷுக்கு இதுதான் தேசியப் பறவை. மார்ச்லேருந்து ஜூன் வரைக்கும் விடியற்காலையில இதோட கச்சேரியைக் கேட்டிருப்பீங்க, யார் பாடுறதுன்னு தெரியாமலே. நீங்கதான் அந்த நேரத்துல அப்போதான் தூங்கப் போயிருப்பீங்களே!

ஆகஸ்ட், செப்டம்பர் தாண்டினா விருந்தாளி சீசன். வடக்கேருந்து வலசை வர்றவங்க. ஆறுமணிக்குருவின்னு ஒண்ணு; பச்சை, நீலம், மஞ்சள், சிவப்புன்னு ஓவியன் தூரிகையை உதறின மாதிரி இருக்கும். விடியலிலும் அந்தி நேரத்துலயும் கூவுறதால அந்தப் பேரு. வந்த புதுசுல களைச்சுப் போய் வீட்டுக்குள்ளயே தவறி நுழைஞ்சுடும். அப்படி வந்தா போட்டோ எடுக்கிறேன்னு படுத்தாதீங்க. ஜன்னலைத் திறந்து, லைட்டை அணைச்சு, ஆளு நகர்ந்துடுங்க. அரசவால் ஈப்பிடிப்பான் இன்னொரு வி.ஐ.பி. வயசான ஆணுக்கு வெள்ளை ரிப்பன் மாதிரி ஒரு முழ வால். சாயந்திரம் கிளையிலேருந்து பாய்ஞ்சு தண்ணியைத் தொட்டுட்டு மறுபடி அதே கிளைக்குப் போகும், அந்த ரிப்பன் காத்துல நெளியும். சென்னையில கிண்டிக் காட்டுப் பக்கம் குளிர்காலத்துல ரெண்டு பேருமே வர்றது வழக்கம். மரம் உள்ள கேம்பஸ்ல படிக்கிறவங்க சட்டியோட ரெடியா இருங்க. வருவாங்கன்னு கேரண்டி கிடையாது. எங்க வீட்டுக்கு ஆறுமணிக்குருவி இன்னும் வரலை. நானும் ஒவ்வொரு அக்டோபரும் சட்டி பக்கம் ஒரு கண்ணு வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

இப்போ கொஞ்சம் சீரியஸ். படிக்காமத் தாண்டிடாதீங்க, பரீட்சையில வரும்!

தண்ணியை ஊத்திட்டு மறந்துட்டீங்கன்னா நீங்க வளர்க்கிறது பறவை இல்லை, கொசு. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்டையிலேருந்து பறக்கிற வரைக்கும் வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். அதுவும் இந்தக் கொசு தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, சட்டிச் சுவர்ல முட்டையை ஒட்டிட்டுப் போயிடும். தண்ணியை மட்டும் கொட்டினா முட்டை அங்கேயே இருக்கும். காய்ஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்குல உயிரோட இருந்து, மறுபடி தண்ணி பட்டதும் பொரிக்கும். அதனால தினமும் பழைய தண்ணியைச் செடிக்குக் கொட்டிட்டு, தேங்காய் நாரால சட்டியைச் சுத்தித் தேய்ச்சுட்டு, புதுத் தண்ணி. சோப்பு, ப்ளீச்சிங் எதுவும் வேண்டாம். ரெண்டு நிமிஷ வேலை. கொசு மட்டும் பிரச்னை இல்லை. பத்துப் பறவை வந்து போற இடத்துல எச்சமும் விழும். ஒரு சீக்காளிப் பறவையிடமிருந்து மத்ததுக்கு நோய் பரவ அந்த ஒரு சட்டியே போதும். உடம்பை உப்பிக்கிட்டு, கிட்டே போனாலும் பறக்காம ஒரு பறவை சட்டி பக்கமே உட்கார்ந்திருந்தா, தண்ணியைக் கொட்டிட்டு சட்டியைக் கழுவிக் கவிழ்த்து ரெண்டு வாரம் லீவு விட்டுடுங்க. பாவமா இருக்கும். ஆனாலும் செய்யுங்க.

தினமும் பார்த்துக்க முடியாதுன்னா? வைக்காதீங்க. இதை நான் கோபமா சொல்லலை, நிஜமாவே சொல்றேன். அழுக்குத் தண்ணியை விட வெறும் தரை மேல்.

அடுத்தது போன். முதல் வாரம் போனை உள்ளே வெச்சுட்டு வாங்க. அழகான சீன் வந்ததும் கை தானா பாக்கெட்டுக்குப் போகும், அந்த அசைவு போதும் அவங்க பறக்க. ஜன்னலுக்குப் பின்னாடி, ரூம் லைட்டை அணைச்சுட்டு உட்காருங்க. பேசினாக்கூடப் பொறுத்துக்குவாங்க, கை காலை ஆட்டினா பொறுத்துக்க மாட்டாங்க. ரெண்டு வாரத்துல உங்களை ஒரு தூண் மாதிரி நினைச்சுக்குவாங்க. அப்புறம் போட்டோ தாராளமா எடுக்கலாம். 'இவ்வளவு அழகா இருக்கே, ஒரு கிளியைப் பிடிச்சுக் கூண்டுல...'ன்னு யோசனை ஓடுதா? நம்ம நாட்டுக் கிளியைப் பிடிச்சு வளர்க்கிறது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். சட்டத்தை விடுங்க, கூண்டுக்குள்ள இருக்கிற கிளிக்கு வேற வழி இல்லை. சட்டிக்கு வர்ற கிளிக்கு நூறு வழி இருந்தும் உங்க வீட்டுக்கு வருது. எது பெருமை?

கொஞ்சம் பழகினதும் ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. தேதி, நேரம், யார் வந்தது, எத்தனை பேர். ஒவ்வொரு வருஷமும் பொங்கல் சமயத்துல தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. பிப்ரவரியில உலகம் முழுக்க கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு நாலு நாள். இந்தியாவுல அதோட சேர்ந்து கேம்பஸ்களுக்குன்னே தனியா ஒரு கணக்கெடுப்பும் உண்டு. எங்கே இருந்தாலும் குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் உட்கார்ந்து, பார்த்ததை எண்ணி 'ஈபேர்டு' தளத்துல போடணும். அவ்வளவுதான். மொட்டை மாடிச் சட்டி பக்கத்துல உட்கார்ந்து எண்ணினாலும் கணக்குதான். 'வெறும் காக்கா, மைனாதானே'ன்னு கூச்சப்படாதீங்க. சாதாரணப் பறவை குறையுதா கூடுதான்னு தெரியணும்னா சாதாரண ஆளுங்க எண்ணினாத்தான் உண்டு. ஹாஸ்டல்ல இருக்கிறவங்க வார்டன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாடியில சட்டி வைங்க. கொசு டென்ஷன் அவருக்கு இருக்கும். யார் எந்தக் கிழமை கழுவறதுன்னு ஒரு லிஸ்ட் எழுதிக் காட்டினா மறுக்க மாட்டார்.

கடைசியா ஒரு சிக்கல். லீவு முடியும். நீங்க பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவீங்க. காலையில ஏழரை மணிக்கு வந்து பழகின கொண்டைக்குருவி ஜோடிக்கு உங்க அகடமிக் காலண்டர் தெரியாது. காய்ஞ்ச சட்டியைப் பார்த்துட்டு ஒரு வாரத்துல வேற இடம் தேடிக்குவாங்க, செத்துப் போயிட மாட்டாங்க. ஆனா ஒன்பது நாள் காத்திருந்து வாங்கின நம்பிக்கை ஆச்சே. அதனால கிளம்பறதுக்குப் பத்து நாள் முன்னாடியே வாரிசைத் தயார் பண்ணுங்க. தம்பி, தங்கச்சி, தாத்தா யாராவது. 'தினமும் தண்ணி மாத்து'ன்னு ஆர்டர் போட்டா நடக்காது. ஒரு சாயந்திரம் பக்கத்துல உட்கார வெச்சுக் காட்டுங்க. மத்தது தானா நடக்கும்.

அந்த இன்ஜினீயரிங் தம்பி ஜூன்ல ஹாஸ்டலுக்குப் போனான். அவங்க அம்மா முதல்ல, "உன் குருவிக்கெல்லாம் நான்தான் ஊழியம் பண்ணணுமா?"ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்களாம். இப்போ தினமும் ராத்திரி போன் வருதாம். முன்னெல்லாம் 'சாப்பிட்டியா, படிச்சியா'ன்னு ரெண்டு கேள்வியோட கட் ஆகிற போன் அது. போன வாரம் அவங்க எடுத்த எடுப்புலயே கேட்டது: "டேய், இன்னிக்கு ஒண்ணு வந்துச்சுடா. உடம்பு செம்மண் கலர், தலை கறுப்பு, வாலு நீளம், கறுப்பும் வெள்ளையுமா. ரெண்டு முழுக்குப் போட்டுட்டு முருங்கை மரத்துல ஏறிக் கரடுமுரடா ஏதோ கத்திச்சு. அது பேரு என்னடா?"

வால்காக்கைன்னு அவனுக்குத் தெரியலை. எனக்குப் போன் போட்டுக் கேட்டு, திரும்ப அம்மாவுக்குப் போன் போட்டான்.